வலது இதயத்தில் இரத்தக்கட்டி, நுரையீரலில் அடைப்பு, ஒரே வீட்டில் இரண்டு வகை மாத்திரை: விளக்கம் வேண்டும்

தங்கச்சிமடம் கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவின் கணவருக்காகக் கேட்கிறேன். மச்சானுக்கு வயது 46. விசைப்படகில் டிரைவராக இருக்கிறார். பிப்ரவரி இரண்டாவது வாரம் வலை இழுக்கும்போது வின்ச்சில் ஓடிய கம்பிக்கயிறு தெறித்து வலது முழங்காலுக்குக் கீழே அடித்ததில் எலும்பு முறிந்துவிட்டது. தொடைவரை மாவுக்கட்டுப் போட்டு, ஐந்து வாரம் பெரும்பாலும் கட்டிலிலேயே இருந்தார். அந்த ஐந்தாவது வாரத்தில் விலாவில் பிடிப்பதாகவும், பேசினாலே மூச்சு வாங்குவதாகவும் சொன்னார். அருகிலிருந்த ஒரு சிகிச்சையகத்தில் வாயு என்று சொல்லி ஓர் ஊசியும், மூச்சுத்திணறலுக்கு ஆவி மருந்தும் கொடுத்து அனுப்பினார்கள். மாவுக்கட்டு அவர்கள் கண்முன்னேதான் இருந்தது. இரண்டு நாள் கழித்து, அதிகாலையில் ஊன்றுகோலோடு கழிவறைக்குப் போனவர் வாசற்படியில் மயங்கி விழுந்தார்; நெற்றியில் மூன்று தையல்.

108 வண்டியில் இராமநாதபுரம் கொண்டுபோனோம். நாடித்துடிப்பு 124, இரத்த அழுத்தம் 104/70, ஆக்சிஜன் 88 என்று எழுதியிருக்கிறார்கள். இதயத்துக்கு எக்கோ பார்த்த மருத்துவர் திரையை என் பக்கம் திருப்பி, வலது மேலறைக்குள் புழு நெளிவதுபோல ஆடிக்கொண்டிருந்த ஒன்றைக் காட்டினார். அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. உடனே ஹெப்பாரின் ஊசி போட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். மதுரையில் தலைக்கு சிடி, பிறகு நெஞ்சுக்குச் சாயம் ஏற்றி சிடி எடுத்து, அதன் பிறகே கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றினார்கள். ஒன்பதாம் நாள் வீடு திரும்பினார். இப்போது இரத்தம் உறையாமல் தடுக்கும் ரிவரோக்சபான் 20 மில்லிகிராம் தினமும் ஒன்று சாப்பிடுகிறார். ஏழு வாரம் ஆகிறது.

என் ஐயங்கள் இவை. வீட்டுக்குத் தந்த அறிக்கையில் இதயத்தில் கட்டி என்றும் நுரையீரல் தமனியில் அடைப்பு என்றும் இரண்டும் இருக்கின்றன. அவருக்கு இருப்பது இதய நோயா, நுரையீரல் நோயா? கரைக்கும் மருந்தை இராமநாதபுரத்திலேயே கொடுத்திருக்கலாமே, ஏன் அத்தனை நேரம் காத்திருந்தார்கள்? மச்சானின் தாயாருக்கு இதய வால்வு சுருக்கம் இருப்பதால் பல ஆண்டுகளாக ஆசிட்ரோம் சாப்பிடுகிறார். அதுவும் இரத்தம் உறையாமல் இருக்கத்தான் என்கிறார்கள். விலை குறைவாக இருப்பதால் மச்சானும் அதையே சாப்பிடலாமா, அல்லது அத்தைக்கும் புதிய மாத்திரையே நல்லதா? கடைசியாக, மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 அன்று முடிகிறது. அவர் கடலுக்குப் போகலாமா?

பரமக்குடி மருத்துவர் எழுதியது:

மதுரையில் இதயநோய்ப் பிரிவில் பணியாற்றுகிறேன். நோயாளியை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மனத்தில் கொண்டு படியுங்கள்.

மச்சானுக்கு இருந்தது இதய நோயும் அன்று, நுரையீரல் நோயும் அன்று. காலில் தொடங்கிய நோய். மாவுக்கட்டுக்குள் கெண்டைக்கால் தசை சுருங்கி விரியாததால் ஆழ்சிரைகளில் இரத்தம் தேங்கியது. எலும்பு முறிந்த காயத்தால் உறையும் தன்மையும் கூடியிருந்தது. அங்கே உறைந்த கட்டி பெயர்ந்து, வயிற்றின் பெருஞ்சிரை வழியாக வலது மேலறைக்கும், வலது கீழறைக்கும், அதன்பின் நுரையீரல் தமனிக்கும் சென்றிருக்கிறது. காலிலிருந்து நுரையீரலுக்கு இப்படிக் கட்டி பயணிக்கும் என்பதை 19 ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ நிறுவிவிட்டார். நீங்கள் திரையில் பார்த்தது வழியில் இருந்த துண்டு. பாம்பன் கால்வாயில் ஒரு படகைப் பார்த்தால் அது அங்கே கட்டப்பட்டது என்று நீங்கள் எண்ணமாட்டீர்கள். வலது இதயத்தில் காணும் கட்டியும் பெரும்பாலும் அப்படித்தான், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்க்கொண்டிருப்பது. நுரையீரலில் ஏற்கெனவே சில துண்டுகள் அடைத்திருக்க, இன்னொன்று வாசலில் ஆடிக்கொண்டிருந்ததால்தான் அவர்கள் அத்தனை அவசரமாக மதுரைக்கு அனுப்பினார்கள்.

இடது இதயத்தின் கதை வேறு. அங்கே காணும் கட்டி பெரும்பாலும் அங்கேயே பிறப்பது. வால்வு சுருங்கி, மேலறை வீங்கி, துடிப்பு ஒழுங்கிழந்து போனவர்களுக்கு மேலறையின் மூலைப் பையில் இரத்தம் தேங்கி உறைகிறது. பெரிய மாரடைப்பில் இதயத்தின் முன்சுவர் செயலிழந்தவர்களுக்குக் கீழறையின் நுனியில் உறைகிறது. அங்கிருந்து பெயர்ந்தால் அது நுரையீரலுக்குப் போகாது. மூளைக்குப் போய்ப் பக்கவாதத்தையோ, கால் தமனிக்குப் போய்க் கால் அழுகலையோ உண்டாக்கும். (நான்கில் ஒருவருக்கு இரண்டு மேலறைகளுக்கும் இடையே பிறவியிலிருந்தே சிறு திறப்பு மூடாமல் இருக்கும், அவர்களுக்கு வலப்பக்கக் கட்டி இடப்பக்கம் தாவுவதும் உண்டு. அது அரிது.) கட்டி பிறந்த இடம் எது என்று கேட்காமல் பரிசோதனையையும் மருந்தையும் முடிவு செய்ய முடியாது. உங்கள் வீட்டில் தாய்க்கும் மகனுக்கும் மருந்து வேறுபடுவதும் இதனால்தான்.

பரிசோதனைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பிழைகள் நேர்வது இங்கேதான். நுரையீரல் அடைப்புக்கு இசிஜியில் ஒரு தனி அடையாளம் உண்டு என்று பாடநூல்கள் சொல்லும். நேரில் பெரும்பாலும் வேகமான துடிப்பு மட்டுமே தெரியும். நெஞ்சு எக்ஸ்ரே பல நேரங்களில் இயல்பாகவே இருக்கும். நுரையீரல் சுத்தமாக ஒலிக்க, எக்ஸ்ரே சுத்தமாக இருக்க, ஆக்சிஜன் மட்டும் குறைந்திருந்தால் அந்த முரண்பாடே ஒரு தடயம். கோவிட் காலத்துக்குப் பிறகு டி-டைமர் என்ற இரத்தப் பரிசோதனையின் பெயர் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் அது கட்டி இருப்பதை நிறுவும் பரிசோதனை அன்று. நோய்க்கான வாய்ப்பு குறைவாக உள்ளவரிடம் அது இயல்பாக இருந்தால் கட்டி இல்லை என்று சொல்ல உதவும், அவ்வளவுதான். எலும்பு முறிவு, காய்ச்சல், கர்ப்பம், முதுமை எல்லாவற்றிலும் அது உயரும். எனவே மாவுக்கட்டோடும் மயக்கத்தோடும் வந்த ஒருவருக்கு டி-டைமரில் நேரத்தைச் செலவிடாமல் நேரே எக்கோவுக்கும் சிடிக்கும் போனது மிகச் சரி. சாயம் ஏற்றி எடுக்கும் சிடிதான் நுரையீரல் தமனியை நேரடியாகக் காட்டுவது. அதற்கு முன் சிறுநீரகத்தின் நிலையை அறிய கிரியாட்டினின் பார்ப்பார்கள். நோயாளி உயிருக்குப் போராடும் நிலையில் இருந்தால் அதற்காகக் காத்திருப்பதில்லை.

இனி நீங்கள் கேட்ட தாமதம். ஹெப்பாரின் கட்டியைக் கரைப்பதில்லை. அது மேலும் வளராமல் தடுக்கிறது, கரைக்கும் வேலையை உடல் மெல்லச் செய்துகொள்கிறது. அல்டிபிளேஸ், டெனெக்டிபிளேஸ் போன்றவைதான் உண்மையில் கரைப்பவை, அவை நல்ல கட்டி எது, கெட்ட கட்டி எது என்று பார்ப்பதில்லை. நெற்றியில் போட்ட அந்த மூன்று தையலை நினைத்துப் பாருங்கள். விழுந்த வேகத்தில் மண்டைக்குள் சிறு கசிவு ஏற்பட்டிருந்தால், கரைக்கும் மருந்து அவரை அன்றே கொன்றிருக்கும். தலைக்கு சிடி எடுத்தது அதற்காகவே. இரத்த அழுத்தம் விழாமல், ஆனால் வலது கீழறை வீங்கிய நிலையில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் டெனெக்டிபிளேஸைச் சோதித்த பைத்தோ ஆய்வு 2014 இல் வெளியானது. மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு இருவருக்கு மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டது, ஹெப்பாரின் மட்டும் பெற்றவர்களில் ஆயிரத்துக்கு இருவருக்கு. இதனால் இரத்த அழுத்தம் விழுந்து அதிர்ச்சி நிலைக்குப் போனவர்களுக்கே இம்மருந்தைத் தயங்காமல் கொடுக்கிறோம். மற்றவர்களுக்கு எடைபோட்டுத்தான் கொடுக்கிறோம். மச்சானின் அழுத்தம் அந்த எல்லைக்குக் கீழே போகவில்லை. ஆனால் மயங்கி விழுந்ததும், வலது மேலறையில் ஆடிய துண்டும் தராசை மறுபக்கம் சாய்த்திருக்கும். சில இடங்களில் இத்தகைய கட்டியைக் குழாய் வழியாக உறிஞ்சியோ, நெஞ்சைத் திறந்தோ எடுப்பதும் உண்டு.

மாத்திரை குறித்து: இருவரும் மாற்றிக்கொள்ளவே கூடாது. வால்வு நோயில் தேங்கும் இரத்தத்துக்குப் புதிய மருந்துகளும் போதுமானவையாக இருக்கும் என்றுதான் நாங்களும் எதிர்பார்த்திருந்தோம். வாதக்காய்ச்சலால் வால்வு கெட்டுத் துடிப்பும் ஒழுங்கிழந்த 4,500க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த இன்விக்டஸ் ஆய்வு 2022 இல் அந்த எதிர்பார்ப்பைப் பொய்யாக்கியது. ரிவரோக்சபான் பெற்றவர்களைவிட வார்ஃபரின் வகை மருந்து பெற்றவர்களிடையே இறப்பு குறைவு. ஆசிட்ரோம் அந்தப் பழைய வகையைச் சேர்ந்தது. ஆகவே உங்கள் அத்தைக்குப் பழைய மாத்திரையே நல்ல மாத்திரை. ஆனால் ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் இரத்தப் பரிசோதனை அளவு) 2க்கும் 3க்கும் இடையே இருந்தால் மட்டுமே அது மருந்து, இல்லையெனில் வெறும் மாத்திரை. அவருக்குக் கடைசியாக எப்போது ஐஎன்ஆர் பார்த்தீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை.

மருதவனம் எழுதியது:

மாத்திரைகளுக்கு அடிமையாக வேண்டியதில்லை. காலையில் மருதம்பட்டைக் கசாயமும், வெறும் வயிற்றில் ஐந்து பல் பூண்டும் எடுத்துக்கொண்டால் கட்டி தானே கரைந்துவிடும். எங்கள் குடும்பத்தில் கண்ட அனுபவம்.

பரமக்குடி மருத்துவர் எழுதியது:

ஐயா, தங்கள் குடும்ப அனுபவத்தை மறுக்கவில்லை. ஆனால் நுரையீரல் தமனியை அடைத்த கட்டியைக் கசாயம் கரைத்ததாக நம்பத்தக்க சான்று எதுவும் இல்லை. குழம்பில் போடும் பூண்டால் தீங்கில்லை. மருந்தளவில் உண்ணும் பூண்டு, உறைதடுப்பு மாத்திரையோடு சேரும்போது இரத்தக்கசிவு கூடலாம். மாத்திரையை நிறுத்திவிட்டுக் கசாயத்துக்கு மாறுவதுதான் என்னை உண்மையில் அச்சுறுத்துவது. இந்த நோய் திரும்பி வரும் வாய்ப்பு முதல் சில வாரங்களில்தான் மிக அதிகம்.

கீழக்கரைப் பயணி எழுதியது:

இதே நுரையீரல் அடைப்பு வந்த நோயாளியாக ஒரு சொல். வளைகுடாவிலிருந்து சென்னைக்கு விமானம், இறங்கிய கையோடு கீழக்கரைக்குக் கார், வழியில் கழிவறைக்கு இறங்க வேண்டியிருக்குமே என்று தண்ணீரையும் குறைத்துக்கொண்டேன். நான்காம் நாள் இடது விலாவில் மூச்சை உள்ளே இழுக்கும்போது மட்டும் குத்தியது. பெட்டி தூக்கியதால் தசைப்பிடிப்பு என்று நானே தைலம் தேய்த்துக்கொண்டேன். எச்சிலில் இரத்தக்கோடு வந்த பிறகுதான் பயந்தேன். மருத்துவமனையில் எடுத்த அந்த சிடியில் சாயம் ஏறும்போது தொண்டையிலிருந்து அடிவயிறுவரை ஒரு சூடு பரவும், சிறுநீர் கழித்துவிட்டோமோ என்றே தோன்றும். முன்கூட்டிச் சொல்லி வைத்தால் நோயாளி பதறமாட்டார்.

தங்கச்சிமடம் நண்பர் கவனிக்க வேண்டியது ஒன்று. உங்கள் மச்சானுக்கு மாத்திரை மூன்று மாதம் என்று சொல்லியிருக்கக்கூடும்; எனக்கு அப்படிச் சொல்லவில்லை. நான்கு மணி நேர விமானப் பயணம் வலுவான காரணம் ஆகாது, மறுபடியும் வரலாம் என்று சொல்லி, அபிக்சபான் என்ற உறைதடுப்பு மாத்திரையை முதல் ஏழு நாள் 10 மில்லிகிராம் இருவேளையும், ஆறு மாதம்வரை 5 மில்லிகிராம் இருவேளையும் கொடுத்து, இப்போது 2.5 ஆகக் குறைத்துத் தொடரச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவரின் கணக்கை இன்னொருவர் எடுத்துக்கொள்ளக் கூடாது.

பரமக்குடி மருத்துவர் எழுதியது:

கீழக்கரை நண்பர் சொன்னது சரியே. எலும்பு முறிவும் மாவுக்கட்டும் வந்துபோகும் வலுவான காரணங்கள். அவை நீங்கிவிட்டால் பெரும்பாலும் மூன்று மாதத்தோடு மருந்தை நிறுத்தலாம். காரணம் தெரியாமல் வந்தவர்களுக்கும், புற்றுநோய் உள்ளவர்களுக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது.

உச்சிப்புளி செவிலி எழுதியது:

இருபது ஆண்டுகளாக இந்தக் கரையோரக் கிராமங்களில் பணியாற்றுகிறேன். மருத்துவர் விட்ட இடத்திலிருந்து வீட்டுக்குள் நடப்பவற்றைச் சொல்கிறேன், தம்பி.

ரிவரோக்சபான் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளைச் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் மருந்து உடலில் சரியாகச் சேராது. இதைச் சீட்டில் எழுதித் தந்தாலும் பலர் காதில் வாங்குவதில்லை. விடிகாலையில் கடுங்காப்பியோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பத்து மணிக்குப் பழைய சோறு சாப்பிடும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். இரவுச் சோற்றோடு என்று ஒரு நேரத்தை உறுதியாக வைத்துக்கொள்வது எளிது. ஆசிட்ரோம் சாப்பிடும் அத்தைக்கு அந்தத் தொல்லை இல்லை. அவருக்குக் கீரைதான் கணக்கு. முருங்கைக்கீரையை அடியோடு விலக்கச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள், அது தேவையில்லை. வாரத்துக்கு எவ்வளவு சாப்பிடுவாரோ அதே அளவில் சாப்பிட்டால் போதும். பத்து நாள் தொடாமல் இருந்துவிட்டு மரம் துளிர்த்ததும் தினமும் ஆக்கினால்தான் ஐஎன்ஆர் தடுமாறும்.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகு கால் வீங்கியிருந்தால் எண்ணெய் போட்டு உருவுவது நம் பக்கத்து வழக்கம். கட்டி இருந்த காலை உருவ விடாதீர்கள். நடப்பது வேறு, எலும்பு மருத்துவர் அனுமதித்த அளவுக்கு நடப்பது நல்லது. அதேபோல உடம்பு வலிக்கிறது என்று பின்புறத்தில் ஓர் ஊசி போட்டுக்கொள்வதும், கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி விழுங்குவதும் இப்போது கூடவே கூடாது. ஊசி போட்ட தசையில் இரத்தம் கட்டிக்கொண்டு தொடை கறுத்துப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். வலிக்குப் பாராசிட்டமால் போதும். மலம் கறுத்துப் போனாலோ, தலையில் அடிபட்டாலோ மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம்.

கடலைப் பற்றி மருத்துவர்தான் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் திருக்கை வாலும், கெளுத்தி முள்ளும், தூண்டில் கொக்கியும் இல்லாத படகு கிடையாது. அனுமதி டோக்கன் வாங்கிப் போனால் மறுநாள் காலைதான் கரை. எல்லைப் பக்கம் ஏதாவது நேர்ந்துவிட்டால் எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியாது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்வரை அவர் கரையிலேயே இருக்கட்டும் என்பது என் எண்ணம். போயே ஆக வேண்டுமென்றால் இரண்டு வார மாத்திரையும் மருந்துச்சீட்டின் நகலும் தண்ணீர் புகாத உறையில் அவரிடம் இருக்க வேண்டும்.

பரமக்குடி மருத்துவர் எழுதியது:

செவிலி அம்மா சொன்னதையே நானும் சொல்வேன். ஏழு வாரம் ஆனபோதும் மூச்சு எப்படி இருக்கிறது என்பது இன்னும் தெரியவில்லை. ஜூன் மாதம் மூன்று மாதம் நிறையும்போது மறுபடியும் எக்கோ பார்க்க வேண்டும். வலது கீழறை பழைய அளவுக்குத் திரும்பி, மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்காமல் இருந்தால் கவலையில்லை. மூச்சு வாங்குவது நீடித்தால் நுரையீரலின் காற்றோட்டத்தையும் இரத்த ஓட்டத்தையும் ஒப்பிட்டுக் காட்டும் ஸ்கேன் எடுக்க வேண்டும். சிலருக்குக் கட்டி கரையாமல் தழும்பாக ஒட்டிக்கொண்டு நுரையீரல் தமனியில் அழுத்தத்தை ஏற்றிவிடும், அதற்கு அறுவைச் சிகிச்சை உண்டு என்பதால் கண்டுபிடிப்பது முக்கியம். வின்ச்சை இயக்குவதும் வலை இழுப்பதும் அந்த எக்கோவுக்குப் பிறகு பேச வேண்டியவை.

தங்கச்சிமடம் கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இரவுச் சோற்றோடு மாத்திரை என்று அக்கா மாற்றிவிட்டார். இதுவரை விடிகாலைக் காப்பியோடுதான் போட்டுக்கொண்டிருந்தார். மச்சான் இறங்குதளம்வரை மெதுவாக நடந்து போய்த் திரும்புகிறார். நடுவில் ஒருமுறை நிற்க வேண்டியிருக்கிறது, அதைக் குறித்து வைத்திருக்கிறேன். ஜூன் 15 அன்று படகுக்கு வேறு டிரைவர் பார்த்துக்கொள்ளும்படி முதலாளியிடம் சொல்லிவிட்டோம். மச்சானுக்கு அதில் வருத்தம்தான்.

மருத்துவர் ஐயா கேட்ட கேள்விக்கு விடை தேடியபோது, அத்தைக்குக் கடைசியாக ஐஎன்ஆர் பார்த்து ஐந்து மாதம் ஆகியிருந்தது தெரிந்தது. மச்சானைப் பார்ப்பதிலேயே எல்லோரும் இருந்துவிட்டோம். நேற்று இராமநாதபுரம் கூட்டிப்போய்ப் பார்த்ததில் 1.4 என்று வந்தது. அளவைக் கூட்டி எழுதியிருக்கிறார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். அத்தையின் மாத்திரை இப்போது சாமி படத்துக்குக் கீழே தகர டப்பாவில், மச்சானுடையது சோற்றுப்பானைக்குப் பக்கத்தில்.